ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பான்?



காவேரிப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலேயர் சாப்பாட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சகோதர சகோதரிகள் கேட்கலாம். தென்பெண்ணைக் கரையில், நிப்பட்டு மணக்கும் கடைத்தெருவும், மாம்பழக் காலத்தில் இரவு பகலாக ஓடும் மாங்கூழ் ஆலைகளும் கொண்ட ஊர் எங்களுடையது. ஆயினும் சென்ற ஆண்டில் பல மாதங்கள், மதரஸாவில் பிள்ளைகள் கலைந்த பிறகு நான் அதிகமாகப் பேசியது இதைப் பற்றித்தான்.

காரணம், ஆறு வயதில் என்னிடம் யஸ்ஸர்னல் குர்ஆன் ஓதத் தொடங்கிய ஒரு மாணவர். இப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. உணவகத் தொழிலில் பட்டயம் பெற்று, பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டில் மூன்று ஆண்டுகள் காய் நறுக்கியும் ரொட்டி சுட்டும் தொழில் பழகினார். மாதம் 18,000 ரூபாய். அவருக்கு அதே நகரத்தில் ஒரு சிறிய உணவகத்திலிருந்து 32,000 ரூபாய்க்கு அழைப்பு வந்தது. பன்னிரண்டு மேசைகள் மட்டுமே உள்ள இடம். நடத்துபவர் இங்கிலாந்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அந்தத் தெருவில் குடியிருப்பவர்களே பெரும்பாலும் வாடிக்கையாளர்கள். மழைநாள் மாலையில் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தால், சூடான சூப்பும், உருளைக்கிழங்கு மசியல் போர்த்திய கறியும், பால் ஊற்றிய இனிப்பும் கிடைக்கும். பகட்டில்லாத, வயிறு நிறையும் வீட்டுச் சாப்பாடு. ஆங்கிலேயரின் வீட்டுச் சாப்பாடு.

மாணவரின் தந்தை மாங்கூழ் ஆலையில் பருவகாலத் தொழிலாளி. மகளின் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். பணத்தின் தேவையை விளக்க வேண்டியதில்லை. இருந்தும் அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பன்றி வேகும் அடுப்பில் சம்பாதித்த பணத்தில் என் மகளுக்குத் தாலி வேண்டாம் என்றார். (கருகமணியைத்தான் அவர் அப்படிச் சொன்னார்; எங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு அது.) அந்தத் தாய்தான் அஸருக்குப் பிறகு மகனையும் அழைத்துக்கொண்டு மதரஸாவுக்கு வந்தார்.

"ஹஜ்ரத், அவன் அத்தா சொல்வதும் சரி; இவன் கேட்பதும் சரி. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்."

நான் முஃப்தி அல்லன். இஸ்லாமியக் கல்வியில் ஒரு பட்டயமும், இருபது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த அனுபவமுமே எனக்கு உண்டு. ஃபத்வா கொடுப்பது என் வேலையன்று என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பது தெரியாமல் முஃப்தியிடம் போய் நிற்பதில் பயனில்லை. ஆகவே மூவரும் பாய் விரித்து அமர்ந்தோம். மாணவர் தம் கைப்பேசியில் அந்த உணவகத்தின் உணவுப் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொன்றாக அவர் விளக்க, நான் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

முதலில் வந்தது ஒரு சூப். அதன் பெயரை அவர் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முல்லிகட்டானி. நம் மிளகுத்தண்ணீர்தான். சென்னை மாகாணத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் மிளகு ரசத்தைக் குடித்துப் பழகி, அதில் கறியையும் காய்களையும் சேர்த்துத் தங்கள் சூப்பாக்கி, பெயரை மட்டும் நாக்குக்கு வந்தபடி வைத்துக்கொண்டார்கள். 1886இல் வெளியான ஹாப்ஸன் ஜாப்ஸன் என்னும் அகராதி இதன் தமிழ் மூலத்தை முறையாகப் பதிவு செய்திருக்கிறது. சென்னை மாகாணத்து ஆங்கிலேயர்களுக்கே 'மல்' என்று இந்தச் சூப்பை வைத்துப் பட்டப்பெயர் இருந்ததாம். அந்தத் தாய்க்கு இதைச் சொன்னபோது, "நம் ரசத்தை நமக்கே விற்கிறார்களா?" என்று கேட்டார்.

அடுத்தது ஷெப்பர்ட்ஸ் பை. இடையன் பணியாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆட்டுக் கைமாவை வெங்காயம், கேரட், பட்டாணியோடு வதக்கி, அதன்மேல் வெண்ணெய் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, மேற்புறம் சிவக்கும்வரை சூளையில் சுடுவது. இதில் என்ன தடை? ஆடு ஹலாலாக அறுக்கப்பட்டிருந்தால் ஒன்றுமில்லை. காய்களோ எங்கள் மாவட்டத்தினுடையவை. ஓசூர்ச் சந்தையில் கேரட்டையும் கோஸையும் பீன்ஸையும் இன்றும் 'இங்கிலீஷ் காய்கறி' என்றே சொல்கிறார்கள். அவற்றை விளைவிக்கும் தளியின் குளிரைக் கண்டு அதைக் 'குட்டி இங்கிலாந்து' என்றே அழைத்தார்கள். அந்தக் கைமாவில் ஊற்றும் வூஸ்டர் சாஸைப் பற்றி எனக்கு ஐயம் இருந்தது. 1837இல் லீ, பெரின்ஸ் என்னும் இருவர் விற்கத் தொடங்கிய கறுப்புச் சாறு அது. விசாரித்தால், நெத்திலி, புளி, வெல்லப்பாகு, வெங்காயம், பூண்டு, காடி! நம் கடற்கரை ஊர்களின் நெத்திலிக் குழம்பைப் புட்டியில் அடைத்ததுபோல்தான் இருக்கிறது.

காடி என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாள் வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டபோது காடியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார்கள். அதையே வரவழைத்து, நல்ல தொடுகறி என்று புகழ்ந்தபடி உண்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இருக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் மீன் வறுவலின்மேல் தெளிப்பது வாற்கோதுமைக் காடி. அது முதலில் மதுவாகப் புளித்துப் பின்னரே காடியாகிறது. மது தானாகக் காடியாக மாறினால் அது தூய்மையானதே. மனிதர் ஏதேனும் சேர்த்து வேண்டுமென்றே மாற்றினால், ஹனஃபி மத்ஹபில் ஆகும், ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. எங்கள் பகுதியில் தக்னி பேசுவோர் பெரும்பாலும் ஹனஃபிகள். தெற்கே காயல்பட்டினம், கீழக்கரை உறவுகள் ஷாஃபிஈகள். ஒரே தட்டில் மீனை வைத்தாலும் இருவரின் கையும் காடிப் புட்டியிடம் ஒரே மாதிரி நீளாது. இதில் சச்சரவுக்கு இடமில்லை. எலுமிச்சம்பழம் எப்போதும் கிடைக்கிறது.

அந்த மீன் வறுவலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயரின் தேசிய உணவு என்றால் எல்லோரும் 'பிஷ் அண்ட் சிப்ஸ்' என்பார்கள். இரண்டாம் உலகப்போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் பங்கீடு வந்தபோதும் இதற்கு மட்டும் அரசு பங்கீடு வைக்கவில்லை. அத்தனை உயிர் அவர்களுக்கு அதன்மேல். லண்டனில் இதற்கான முதல் கடையை 1860 அளவில் திறந்தவர் ஜோசப் மாலின் என்ற யூதர் என்பது பெரும்பாலோர் சொல்லும் வரலாறு. மாவில் தோய்த்து மீனைப் பொரிக்கும் பழக்கத்தை அங்கே கொண்டுசென்றவர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட யூதர்கள். அவர்கள் நூற்றாண்டுகள் வாழ்ந்தது நம் அந்தலூஸில். அங்கே காடி சேர்த்துச் செய்த 'சிக்பாஜ்' என்னும் உணவு பக்தாதின் அப்பாஸிய கலீஃபாக்களின் விருந்தில் தலையாயது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் அதன் செய்முறைகள் இருக்கின்றன. டான் ஜுராஃப்ஸ்கி என்னும் மொழியியல் பேராசிரியர், பாரசீகத்துச் சிக்பாஜிலிருந்து லண்டன் மீன் வறுவல் வரையுள்ள இந்தப் பாதையைத் தம் நூலில் படிப்படியாகக் காட்டியிருக்கிறார். பாரசீகத்தில் பிறந்த ருசி ஒன்று யூதர் கையில் ஏறி லண்டன் போய், ஆங்கிலேயர் கையில் பெங்களூர் வந்து, காவேரிப்பட்டினத்துப் பிள்ளையின் சட்டிக்கு வந்து நிற்கிறது.

ஆனால் பட்டியலில் அதன் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: பீர் கலந்த மாவு. மாவு மொறுமொறுப்பாக வரப் பீர் ஊற்றிக் கரைக்கிறார்கள். சிரிப்பு அங்கே நின்றது. அதற்குப் பிறகு பட்டியல் கடுமையாயிற்று. மசித்த உருளைக்கிழங்கோடு தரும் சாஸேஜ் பன்றி இறைச்சி. ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவில் பேக்கன். மாட்டுக்கறிப் பையில் ஏல் என்னும் மது. ட்ரைபிள் என்ற அடுக்கு இனிப்பில் ஷெர்ரி மது. மறுபக்கம், ரொட்டியும் வெண்ணெயும் அடுக்கிப் பாலில் சுட்ட புட்டிங், ஆப்பிள் க்ரம்பிள், சூளையில் பொங்கி எழும் யார்க்ஷயர் புட்டிங் ஆகியவற்றில் யாதொரு குறையுமில்லை. தாளின் நடுவே கோடு போட்டு எண்ணினால், இருபத்திரண்டு உணவுகளில் பதினைந்து இப்படியே ஆகும், மூன்றைத் திருத்தினால் ஆகும், நான்கு எவ்வாறும் ஆகாது.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தாய் கேட்டார்:

"மற்றதை அவன் தொடாமல் வேறு யாராவது செய்யட்டும். ஆனால் ஹஜ்ரத், தலைமைச் சமையல்காரன் என்றால் எல்லாவற்றுக்கும் உப்புப் பார்க்க வேண்டுமே. ருசி பார்க்காமல் எப்படிச் சமைப்பான்?"

கிதாபுகளைப் புரட்டிப் பழகிய எனக்குத் தோன்றாத கேள்வி, அடுப்படியில் நிற்பவருக்குத்தான் தோன்றும். நோன்பு நோற்றவர்கூடச் சமைக்கும்போது தேவை ஏற்பட்டால் நாவின் நுனியில் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று ஃபுகஹாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அங்கே உணவு ஹலால், நேரம்தான் தடை. இங்கே உணவே தடை. நாவின் நுனிக்கும் அனுமதியில்லை. வேலூர் பாக்கியாத்தில் ஓதிய ஒரு முஃப்தி அவர்களிடம் முழுப் பட்டியலையும் சொல்லிக் கேட்டோம். பொறுமையாகக் கேட்டார்கள். மதுவைப் பொறுத்தவரை குடிப்பவரோடு பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர் ஆகியோரும் எச்சரிக்கப்பட்டிருப்பதை நினைவூட்டினார்கள். பன்றி இறைச்சியைச் சமைப்பதும் மதுவை ஊற்றுவதும் இவர் கையால் நடக்கக் கூடாது. இவர் வேலையைத் தனியே பிரித்துக்கொடுத்து, அந்த வேலைக்கே கூலி என்று பேசிக்கொண்டால் அந்தக் கூலி ஆகும். அப்போதும் இதைவிடத் தூய இடம் தேடுவதை விட்டுவிட வேண்டாம் என்றார்கள்.

இதற்கிடையில் கிதாபுகள் வாங்க நான் சிவாஜி நகர் போக வேண்டியிருந்தது. மாணவரையும் அழைத்துக்கொண்டு ஃபிரேசர் டவுனுக்கு நடந்தேன். அவருக்குக் காட்ட வேண்டிய இடம் ஒன்று அங்கே இருந்தது.

1809இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து மாற்றி பெங்களூரில் தண்டு அமைத்தபோது, அதை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து கொத்தர்களும் வணிகர்களும் சமையல்காரர்களும் திரளாகக் குடியேறினார்கள். எங்கள் பாராமகால் அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1792இல், திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. அவ்வாறு வளர்ந்த தண்டுப் பகுதியில்தான் மாஸ்க் ரோடு. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த பள்ளி ஹாஜி சர் இஸ்மாயில் சேட் அவர்கள் கட்டியது. அங்கேயே 1902இல் முஹம்மது சுலைமான் என்பவர் தொடங்கிய ஆல்பர்ட் பேக்கரி இன்றும் நடக்கிறது. வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தயங்காமல் வரட்டும் என்று ஆங்கிலப் பெயர் வைத்தார் என்கிறார்கள். பிற்பகலுக்குப் பிறகுதான் கடை திறக்கும். ஆட்டு மூளை வைத்த பப்ஸ், கைமா சமோசா, ரமலானில் கோவா நான் என்று வரிசை நிற்கும். புனித வெள்ளிக்குக் கிறிஸ்தவர்கள் கேட்கும் ஹாட் கிராஸ் பன்னும் இங்கே பெயர் பெற்றது. நூறாண்டுக்கும் மேலாக ஒரு முஸ்லிம் குடும்பத்தின் சூளையிலிருந்து அண்டை அயலாரின் பண்டிகைக்கு ரொட்டி போகிறது.

சிலுவைக் குறியிட்ட பன்னை ஒரு முஸ்லிம் செய்து விற்கலாமா என்று மாணவர் கேட்டார். ஆலிம்களிடையே தயக்கமுள்ள விஷயம் அது. ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை; இப்போதும் விரும்பவில்லை. மூளை பப்ஸைச் சூடு ஆறுவதற்குள் உண்டோம். அந்தப் பப்ஸும் ஆங்கிலேயரின் கறிப் பையின் பேரப்பிள்ளைதான். நம் ஊர் டீக்கடையின் முட்டை பப்ஸ், பன் பட்டர் ஜாம், ரஸ்க், கட்லெட் எல்லாம் அந்த வம்சமே. ஆங்கிலேயர் சாப்பாடு உப்புச் சப்பில்லாதது என்று கேலி பேசுவோர் அதைக் காலையில் டீயில் நனைத்துத் தின்றுகொண்டே பேசுகிறார்கள். எந்த உணவையும் குறை சொல்லாமல், பிடித்தால் உண்பதும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுவதும் பெருமானார் (ஸல்) அவர்களின் வழக்கம் என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது நல்லது.

திரும்பும் வழியில் செயின்ட் மார்க்ஸ் சாலையின் கோஷீஸ் உணவகத்தையும் வெளியே நின்று காட்டினார். 1940இல் ரொட்டிக் கடையாகத் தொடங்கி வளர்ந்தது. தொழில் கற்ற நாளில் ஆங்கில உணவின் இலக்கணம் படிக்க எல்லா மாணவர்களையும் அங்கே அனுப்புவார்களாம். மதுவும் பரிமாறும் இடமாகையால் நான் உள்ளே போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. எதிர்த்திசையில் போன ஒருவரின் கதையை நடந்துகொண்டே அவருக்குச் சொன்னேன். பாட்னாவில் 1759இல் பிறந்த தீன் முஹம்மது, 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் திறந்து ஆங்கிலேயருக்கு நம் நாட்டுச் சாப்பாட்டைப் பரிமாறினார். இரண்டே ஆண்டில் கடன் மூழ்கடித்துவிட்டது. "ஹஜ்ரத், சேர்வதற்கு முன்பே நட்டக் கணக்கா?" என்றார் மாணவர்.

மறுநாள் அவர் தனியாக அந்தப் பெண்மணியைப் பார்க்கப் போனார். எதை எப்படிப் பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெண்மணி கோபப்படவில்லை, சிறிது நேரம் யோசித்தார். பீருக்குப் பதிலாகக் குளிர்ந்த சோடாவில் மாவு கரைத்து ஒரு மீனைப் பொரித்துக் காட்டச் சொன்னார். மொறுமொறுப்பு வந்தது, செலவும் குறைந்தது. அன்றே மாற்றிவிட்டார். ட்ரைபிளில் ஷெர்ரிக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு என்பதற்கும் ஒப்புக்கொண்டார். மாட்டுக்கறிப் பையில் ஏலை விட மறுத்தார். அதைக் கேட்டே வரும் முதியவர்கள் இருக்கிறார்களாம். சாஸேஜும் பேக்கனும் நிற்கும். அவற்றுக்குக் கோவாவிலிருந்து வந்த சமையலர் ஒருவர், தனி அடுப்பு, தனிச் சட்டி. ஆகவே தலைமைப் பொறுப்பு இவருக்கு இல்லை. ரொட்டி, புட்டிங், மீன், ஆட்டுக்கறிப் பை ஆகியவை மட்டும். சம்பளம் 32,000 இல்லை, 25,000.

"ருசி பார்க்க முடியாதவரைத் தலைமைச் சமையலராக வைக்க முடியாது என்று மேடம் சொன்னார். அதுவும் நியாயம்தானே, ஹஜ்ரத்?"

நியாயம்தான் என்றேன். அவருடைய தாய் கேட்டதும் அந்தப் பெண்மணி சொன்னதும் ஒன்றே என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. 7,000 ரூபாய் மாதந்தோறும் குறைகிறது. நிக்காஹ் செலவுக்கு அந்த வீட்டில் போட்டிருந்த கணக்கு முழுவதும் மாறியது. மண்டபம் வேண்டாம், பள்ளிவாசலிலேயே நிக்காஹ், வலீமா வீட்டு மாடியில் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசினார்கள். அவர்கள் மறுக்கவில்லை, மாப்பிள்ளைக்கும் அதுவே விருப்பமாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ். தந்தை மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகன் அனுப்பிய முதல் மாதப் பணத்தைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தார்.

பக்ரீத் வந்தது. மாங்கூழ் ஆலையில் வேலை மும்முரமான நேரம். தந்தை இரவு வேலை முடித்து, குளித்து, நேரே தொழுகைக்கு வந்தார். குர்பானி பங்கு பிரித்தாயிற்று. இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்த மகன், பங்கில் வந்த ஆட்டுக்கறியைக் கொத்திக் கைமாவாக்கினார். வீட்டில் சூளை ஏது? தாயின் தம் பிரியாணிச் சட்டியில் கைமாவைப் பரப்பி, மேலே உருளைக்கிழங்கு மசியலைப் போர்த்தி, மூடியின்மேல் தணல் அள்ளி வைத்தார். முக்கால் மணி நேரம். மூடியைத் திறந்தபோது மசியலின் மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. என்னையும் அழைத்திருந்தார்கள். உப்புச் சரியா என்று தாய் கேட்க, மகன் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுத் தலையசைத்தார்.

தந்தை தட்டைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. பிஸ்மி சொல்லி ஒரு கவளம் எடுத்தார், மெதுவாக மென்றார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, மாங்காய் ஊறுகாய் இருக்கிறதா என்றார்.